மூட்டை கட்டிய முருங்கைக்கீரை: மொட்டைமாடியில் நான்கு மாதச் சோதனை

எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை சமையல் முந்தின நாள் இரவே தொடங்கிவிடும். அத்தை பின்கட்டு மரத்தில் இரண்டு கொப்பு ஒடித்து, பழைய வேட்டித் துணியில் சுருட்டி, இறுக்கி மூட்டையாகக் கட்டி அடுப்படி மூலையில் வைப்பார். விடிந்ததும் பிரித்து நாலு உதறு உதறினால் இலையெல்லாம் தானாக உதிர்ந்துவிடும். உருவுகிற வேலை மிச்சம். மதுரைப் பக்கம் மட்டுமில்லை, முருங்கை இருக்கிற பல ஊர்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. நானும் கல்யாணமாகி வந்ததிலிருந்து பத்தொன்பது வருடமாக இப்படித்தான் செய்து வந்தேன்.

போன மார்கழியில் மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 9.6. அவள் வயதில் 12க்குக் குறையக்கூடாது. மருத்துவர் மூன்று மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, கூடவே கீரையும் நெல்லிக்காயும் நிறையக் கொடுக்கச் சொன்னார். பள்ளியில் வாரம் ஒரு நாள் தரும் நீல மாத்திரையை அவள் பாதி நாள் விழுங்காமல் விட்டதும் அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரம், மாடியில் கீரைத் தொட்டி, வாரம் நாலு நாள் கீரை. அப்படியிருந்தும் இப்படியா என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. நான் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவள். கீரையின் இரும்பை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி கூட இருக்க வேண்டும் என்று வருடா வருடம் பாடத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் அடுப்படியில் அந்த சி எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தை மாதம் சோதனையை ஆரம்பித்தேன். சித்திரை வரை ஓடியது.

கீரையில் இருக்கும் இரும்பு பெரும்பாலும் ஃபெரிக் நிலையில் இருக்கிறது. குடல் அதை எளிதில் உறிஞ்சாது. வைட்டமின் சி அதை ஃபெரஸ் ஆக்கி, கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கிறது. கீரையிலேயே உள்ள ஆக்ஸலேட்டும் பாலிஃபீனாலும், சாப்பாட்டுக்குப் பின் குடிக்கும் டீயின் டானினும் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. அதனால் கீரையில் இரும்பு எத்தனை மில்லிகிராம் என்பதோடு, அதற்குத் துணையாகத் தட்டுக்கு வந்து சேரும் சி எவ்வளவு என்பதும் கணக்கில் வரும். இரும்பும் சுண்ணாம்பும் தாதுக்கள். சூட்டில் அழியாது, வெந்நீரோடு கொட்டினால்தான் போகும். சி அப்படியில்லை. காற்றும் சூடும் தண்ணீரும் நேரமும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். வீட்டில் அளந்து பார்க்க முடிகிற சத்தும் அதுதான்.

அளந்த விதம்

மருந்துக்கடையில் காயத்துக்குத் தடவும் 5 சதவீத பொவிடோன் அயோடின் கரைசல். அதை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் விட்டு நீர்த்தேன். 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை ஒன்று. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு இரண்டு. நிறங்காட்டிக்கு, சாதம் வடித்த கஞ்சியைத் தெளியவைத்து எடுத்த மேல் நீர். ஆய்வகத்தில் ஸ்டார்ச் கரைசல் காய்ச்சுவோம். அடுப்படியில் அது தினமும் வடிகிறது.

அயோடினைச் சொட்டுச் சொட்டாக விடும்போது வைட்டமின் சி இருக்கிறவரை அதை நிறமில்லாத அயோடைடாக மாற்றிக்கொண்டே இருக்கும். சி தீர்ந்ததும் அடுத்த சொட்டு கஞ்சியோடு சேர்ந்து கருநீலமாகும். அந்த நிறம் இருபது விநாடி நின்றால் முடிவுப்புள்ளி. பதினோராம் வகுப்பில் செய்யும் தரம்பார்த்தல்தான்.

முதல் வாரக் கணக்கு முழுவதையும் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. மாத்திரையைக் கரைத்து வைத்த கரைசல் ஒரே இரவில் கால்வாசி பலம் இழந்திருந்தது. குழாய்த் தண்ணீரில் கரைத்திருந்தேன். குளோரின் கலந்த தண்ணீர் சியைத் தானே ஆக்ஸிஜனேற்றம் செய்யும் என்று எனக்குத் தெரியாததல்ல, கை பழக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டேன். அடுத்த தவறு மிக்ஸி. இலையை மிக்ஸியில் அடிக்கும்போது காற்று கலந்து, சூடாகி, இலையின் சொந்த நொதியே சியை அழிக்க ஆரம்பித்துவிடுகிறது. பிறகு மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீர் வாங்கிவந்தேன். இலையைப் பீங்கான் கலுவத்தில் போட்டதும் வெள்ளை வினிகரை ஊற்றி, அந்தப் புளிப்பிலேயே நசுக்கினேன். புளிப்பில் அந்த நொதி மந்தமாகிவிடும். எண்கள் அதன்பிறகுதான் ஒன்றோடொன்று ஒத்துவந்தன.

கணக்கு இப்படி. மாத்திரைக் கரைசலில் 5 மில்லிகிராம் சிக்கு 14.2 மில்லி அயோடின் செலவாயிற்று. ஆக, 1 மில்லிக்கு 0.352 மில்லிகிராம். ஒவ்வொரு தடவையும் பறித்த எடையில் 10 கிராம் இலை, நசுக்கி வடிகட்டி 100 மில்லியாக்கி, அதில் 20 மில்லி எடுத்து அளவு. மூன்று தடவை செய்து சராசரி. இலையில் உள்ள வேறு சில பொருள்களும் அயோடினைத் தின்னும் என்பதால் கிடைக்கும் மில்லிகிராமைத் துல்லியமான அளவென்று நான் சொல்லமாட்டேன். ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். சிவப்புத் தண்டுக்கீரையை மட்டும் இந்த வழியில் தொடவே முடியவில்லை. அதன் சிவப்பு நிறத்தில் கருநீலம் தெரியாது.

மூட்டை

முதலில் சோதித்தது அத்தையின் மூட்டையைத்தான்.

மாலை நாலரை மணிக்கு ஒரே கொப்பிலிருந்து மூன்று பங்கு. ஒன்றை உடனே நசுக்கினேன்: 8.8 மில்லி அயோடின். நூறு கிராமுக்கு ஏறக்குறைய 155 மில்லிகிராம். இரண்டாவதை ஈரத்துணி விரித்த டிபன் டப்பாவில் குளிர்பெட்டிக்குள் வைத்தேன். மூன்றாவது வேட்டித் துணி மூட்டை, வழக்கம்போல.

காலை ஆறரைக்குப் பிரித்தேன். குளிர்பெட்டியில் இருந்தது 8.0 மில்லி. மூட்டையில் இருந்தது 5.4. அதாவது 155 இருந்த இடத்தில் 95. அடுப்பே பற்றவைக்காமல் ஐந்தில் இரண்டு பங்கு போயிருந்தது. நம்பிக்கையில்லாமல் அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் செய்தேன். ஒருநாள் 5.7, ஒருநாள் 5.1.

மூட்டைக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. அடுப்படி 29 டிகிரி, மூட்டையின் நடு 34. ஒடித்த பின்னும் இலை உயிரோடுதான் இருக்கிறது, சுவாசிக்கிறது. இருட்டில் ஒளிச்சேர்க்கை கிடையாது. சேமித்த சர்க்கரையைச் செலவழித்து வெப்பத்தை வெளிவிடுகிறது. இறுக்கிக் கட்டியதால் அந்த வெப்பமும், இலை விடும் எத்திலீன் வாயுவும் உள்ளேயே தங்குகின்றன. எத்திலீன்தான் சிற்றிலையின் அடியில் உதிர்தல் அடுக்கை உருவாக்கி இலையைக் கழற்றிவிடுவது. மரத்தில் பல நாளில் நடக்கிற முதுமை மூட்டைக்குள் ஒரே இரவில் நடந்துவிடுகிறது. உருவுகிற வேலையை நமக்கு மிச்சமாக்குவது எதுவோ, அதுவே சத்தையும் எடுத்துக்கொள்கிறது.

அத்தையிடம் நோட்டைக் காட்டினேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "பதினோரு பேருக்கு ஆக்கிப்போட்ட வீடும்மா இது. உருவிக்கிட்டு உட்காந்திருந்தா உலை எப்பக் கொதிக்கிறது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த மூட்டையைச் சோம்பலென்று யாரும் நினைக்க வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தவர்கள் அரைமணி நேரம் சம்பாதிக்கக் கண்ட வழி அது. இன்று எங்கள் வீட்டில் நாலு பேர்தான். வேலையைப் பகிர்ந்துகொள்ள நாலு ஜோடிக் கை இருக்கிறது. அதனால் எங்களால் மாற்றிக்கொள்ள முடிந்தது.

உருவுவதற்கு ஒரு வழி கண்டோம். ஜல்லிக்கரண்டியின் ஓட்டையில் இணுக்கின் அடிக்காம்பை நுழைத்து மறுபக்கம் இழுத்தால் இலை இந்தப் பக்கமே தங்கிவிடுகிறது. கொழுந்து இணுக்கு ஒடியும், அதைக் கையால்தான் உருவ வேண்டும். இரண்டு பிடி கீரைக்கு எட்டு நிமிடம்.

அடுப்பில்

உருவிய இலையைப் பலவிதமாகச் சமைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பறித்த உடன் 8.8 என்பதே தொடக்க அளவு.

எண்ணெயில் சின்ன வெங்காயம் வதக்கி, ஈரத்தோடு கீரையைப் போட்டு, தண்ணீர் ஊற்றாமல், நாலு நிமிடம் மூடி வதக்கியது: 6.1.

60 மில்லி தண்ணீரில் பன்னிரண்டு நிமிடம் கொதித்தது: இலையில் 1.9, வடித்த நீரில் 3.3. தப்பிப்பிழைத்த சியில் பெரும்பங்கு தண்ணீரில் இருக்கிறது. கொட்டினால் அதுவும் போச்சு. ஃபோலேட் என்கிற பி வைட்டமினும் நீரில் கரைவதுதான், சூட்டுக்குத் தாங்காததுதான். அதை என்னால் அளக்க முடியாது. ஆனால் சி போகும் வழியிலேயே அதுவும் போகும்.

ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டுக் கொதித்தது: இலையில் 0.6, நீரில் 0.9. கல்யாணச் சமையலிலும் ஓட்டலிலும் கீரைக் கூட்டு கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருக்கிறதே, பல இடங்களில் அதன் ரகசியம் இந்தச் சோடா உப்புதான். காரத்தன்மையில் பச்சையம் நிறம் மாறாது. சியும் தயமின் என்கிற பி1ம் காரத்தில் மிக வேகமாக அழியும். ஒரு சிட்டிகைதானே என்று நானும் பலமுறை போட்டிருக்கிறேன். இந்த எண்ணைப் பார்த்த அன்றோடு நிறுத்திவிட்டேன். யார் வீட்டுச் சமையலிலும் தவறென்று வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே விஷயம் என்று இதைச் சொல்வேன்.

கீரையை மூடி வேகவைக்காதே, நிறம் போய்விடும் என்று அம்மா சொல்வார். அது சரிதான். வேகும்போது இலையிலிருந்து வெளிவரும் எளிதில் ஆவியாகும் அமிலங்கள் மூடியில் பட்டுத் திரும்பச் சட்டியில் விழுகின்றன. அமிலம் பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியத்தை வெளியேற்றுகிறது. பச்சையம் பியோபைட்டினாகி, பாசிநிறமாக மங்கிவிடுகிறது. ஆனால் திறந்து வைத்தால் வேக நேரம் கூடும், காற்றும் படும். நான் மூடியே வதக்குகிறேன், நாலு நிமிடத்துக்குமேல் விடுவதில்லை. நிறம் அந்த நேரத்துக்குள் அவ்வளவாகக் கெடவில்லை.

கடையலை இந்த இடத்தில் மெச்ச வேண்டும். அரைக்கீரை கடையலில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரோடேயே மத்தால் கடைந்துவிடுகிறோம். எதுவும் வெளியே போவதில்லை. மேலே தாளிக்கும் எண்ணெய், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினுக்குத் தேவை. கரோட்டின் கொழுப்பில் கரைவது, எண்ணெயில்லாமல் குடலைச் சரிவரத் தாண்டாது. வேகவைத்து மசிப்பதால் செல்சுவர் உடைந்து கரோட்டின் இன்னும் நன்றாக வெளிவரும். பச்சையாகத் தின்றால்தான் முழுச் சத்து என்று சிலர் சொல்வது கரோட்டின் விஷயத்தில் பொருந்தாது.

நீரைக் கொட்டுவதற்கும் ஒரு நியாயம் உண்டு. தண்டுக்கீரை, முளைக்கீரை வகைகளில் ஆக்ஸலேட் அதிகம். அதில் கரையக்கூடிய பகுதி கொதிநீரோடு போய்விடும். என் தம்பிக்குச் சிறுநீரகக் கல் இருக்கிறது. அவன் வந்தால் அவனுக்கு மட்டும் வடித்துவிட்டுத்தான் சமைக்கிறேன். சி போகட்டும், பக்கத்தில் ஒரு துண்டு நெல்லிக்காய் வைத்தால் ஈடாகிவிடும்.

இரும்புச்சட்டியிலும் வதக்கிப் பார்த்தேன். அதன் அளவை எழுதவில்லை. சட்டியிலிருந்து கரையும் ஃபெரிக் அயனி அயோடைடைத் திரும்ப அயோடினாக மாற்றி முடிவுப்புள்ளியை முன்னாலேயே காட்டிவிடும். இந்தச் சோதனைக்கு அது ஒத்துவராது.

கழுவும் வரிசையையும் பார்த்தேன். ஆய்ந்து, முழு இலையாக மூன்று தண்ணீரில் அலசி, பிறகு நறுக்கினால் இழப்பு அளக்க முடியாத அளவு சிறியது. நறுக்கிய பிறகு பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்த முளைக்கீரை ஆறில் ஒரு பங்கை இழந்திருந்தது.

தொட்டியில்

மாடியில் ஒன்பது செடிப்பைகளில் முளைக்கீரை விதைத்தேன். மூன்று பைக்கு முழு வெயில், மண்புழு உரம். மூன்று பைக்கு முழு வெயில், அதே மண், பத்தாம் நாளும் பதினெட்டாம் நாளும் யூரியா. மூன்று பைக்கு மண்புழு உரத்தோடு, வெயிலைப் பாதியாக்கும் பச்சை நிழல்வலை. இருபத்தெட்டாம் நாள் பிடுங்கினேன்.

கண்ணுக்கு அழகு யூரியா பைதான். இலை அகலம், கரும்பச்சை, தண்டு தளதளவென்று. எடையும் அதுவே முதல்: மூன்று பையில் 1,900 கிராம். மண்புழு உரப் பைகள் 1,250. நிழல்வலையில் 1,050, இலை மெலிந்து, ஒடித்தால் தண்ணீர் சொட்டுவதுபோல.

அயோடின் கணக்கு வேறு வரிசையில் வந்தது. வெயிலும் மண்புழு உரமும் 5.2. வெயிலும் யூரியாவும் 4.3. நிழல்வலை 3.4. உரத்தைவிட வெயில்தான் பெரிய வித்தியாசத்தைச் செய்தது. நான் எதிர்பார்த்தது இதற்கு மறுதலை. சி, ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் சர்க்கரையிலிருந்து உண்டாவது, கடும் வெயிலிலிருந்து இலையைக் காப்பதும் அதன் வேலை. வெயில் குறைந்தால் செடிக்கு அதைச் செய்ய வசதியுமில்லை, அவசியமுமில்லை. சிவப்புத் தண்டுக்கீரையில் இதை நிறத்திலேயே பார்க்கலாம். நிழல்வலைக்குள் வைத்த ஒரு தொட்டியில் சிவப்பு மங்கி, இலையின் நடுவில் பச்சை தெரிந்தது. அந்தச் சிவப்பு பீட்டாசயனின், பீட்ரூட்டின் குடும்பத்து நிறமி.

நைட்ரேட்டையும் பார்க்க ஆசைப்பட்டேன். வண்ணமீன் கடையில் தொட்டித் தண்ணீரைச் சோதிக்க நைட்ரேட் பட்டை விற்கிறார்கள். தண்டுச் சாற்றை இருபது மடங்கு நீர்த்து அதில் தொட்டேன். யூரியா பையும் நிழல்வலைப் பையும் பட்டையில் ஏறக்குறைய ஒரே அடர்சிவப்பு. வெயில்-மண்புழு உரம் அதற்கு இரண்டு படி கீழே. கீரைச் செடி மண்ணிலிருந்து எடுத்த நைட்ரேட்டைப் புரதமாக்க ஒளி வேண்டும். ஒளி போதாவிட்டாலும், தேவைக்கு மேல் தழைச்சத்து கொடுத்தாலும், அது தண்டிலேயே தேங்கிவிடும். காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் ஒரே பையில் எடுத்த சாறு பட்டையில் ஒரு படி வித்தியாசம் காட்டியது, மாலையில் குறைவு.

இதைவைத்து விவசாயியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கீரை எடைக்கும் கட்டுக்கும் பார்வைக்கும் விற்கிறது. ஒன்றரை மடங்கு விளைச்சலை விட்டுவிடு என்று யார் அவரிடம் சொல்வது? 1999ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது எங்கள் மதுரை அண்ணா நகரில்தான். அங்கே விடியற்காலை வாங்கிய முளைக்கீரைக் கட்டை வீட்டுக்கு வந்தவுடன் அளந்தேன்: 4.1. அதே கட்டில் பாதியை ஈரச்சாக்கு மூடி நிழலில் வைத்து மாலை ஆறு மணிக்கு: 3.2. மீதியை மூடாமல் மேசைமேல் போட்டு வைத்து மாலை ஆறு மணிக்கு, வாடித் தொங்கியபோது: 1.8. கீரைக்காரம்மா நிமிடத்துக்கொரு தரம் தண்ணீர் தெளிப்பதும் ஈரச்சாக்கைப் போர்த்துவதும் விற்பனைக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். அவர் காப்பாற்றிக் கொடுப்பது மூன்றில் ஒரு பங்கு சத்தை. எந்த உரத்தில் விளைந்தது என்று துருவித் துருவிக் கேட்கிற நாம், எப்போது அறுத்தது என்று கேட்பதேயில்லை.

பொடி

மகளுக்காக உறவுக்காரர் ஒருவர் ஒரு பெரிய பாட்டில் முருங்கைப் பொடி கொடுத்துவிட்டார். பச்சை இலையைவிடப் பொடியில் இரும்பு இத்தனை மடங்கு, சுண்ணாம்பு அத்தனை மடங்கு என்று அதில் ஒட்டியிருந்தது. 100 கிராம் இலையைக் காயவைத்து எடை போட்டேன். 24 கிராம் நின்றது. தண்ணீர் போனதால் எல்லாத் தாதுவும் நாலு மடங்கு செறிவாகத்தான் தெரியும், புதிதாக எதுவும் முளைக்கவில்லை. ஒரு தேக்கரண்டிப் பொடி இரண்டரை கிராம். அது பத்து கிராம் பச்சை இலைக்குச் சமம், அதாவது உள்ளங்கை நிறையக்கூட இல்லை.

காயவைப்பதில் மூன்று வழி. மொட்டைமாடி வெயிலில் ஒரு நாள். மின்விசிறி ஓடும் அறை நிழலில் நாலு நாள். ஒரு நிமிடம் ஆவியில் காட்டி, உதறி, பிறகு நிழலில். ஆவி காட்டியது நொதிகளை அடக்கத்தான். அடங்கியதா என்று தெரிய, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடை நசுக்கிய இலையில் ஒரு சொட்டு விட்டேன். பச்சை இலையில் நுரை பொங்கியது, ஆவி காட்டியதில் ஒரு குமிழிகூட இல்லை.

சி மூன்றிலும் பெரும்பாலும் போய்விட்டது. பத்து கிராம் பச்சை இலைக்குச் சமமான பொடியில் வெயிலில் காய்ந்தது 0.5, நிழலில் காய்ந்தது 1.7, ஆவி காட்டியது 1.4. வைட்டமின் சிக்காகப் பொடி சாப்பிடுவதில் பொருளில்லை.

கரோட்டினைப் பார்க்கத் தாள் வண்ணப்பிரிகை செய்தேன். பொடியை அசிட்டோனில் ஊறவைத்து, சாற்றை வடிதாள் பட்டையில் கோடாக இட்டு, பெட்ரோலியம் ஈதர் ஒன்பது பங்கு, அசிட்டோன் ஒரு பங்கு கலந்த ஜாடியில் நிறுத்தினேன். இரண்டுமே சட்டென்று தீப்பிடிப்பவை. அடுப்படிப் பக்கமே கொண்டுபோகாமல் மாடியில் வைத்துச் செய்தேன். உச்சியில் ஆரஞ்சு மஞ்சளாகக் கரோட்டின், அதன்கீழ் சாம்பல்நிறப் பியோபைட்டின், பிறகு மஞ்சள் சாந்தோபில், அடியில் நீலப்பச்சையும் மஞ்சள்பச்சையுமாக இரண்டு பச்சையங்கள்.

வெயில் பொடியில் உச்சிப் பட்டை இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. சாம்பல் பட்டை தடித்திருந்தது. நிழல் பொடியில் தெளிவாக இருந்தது. ஆவி காட்டிய பொடியில் எல்லாவற்றையும்விட அழுத்தமாக. இரண்டு மாதம் கழித்துத் திரும்பச் செய்தேன். எவர்சில்வர் டப்பாவில் மூடிவைத்த ஆவிப்பொடி மாறவேயில்லை. அதே பொடியை ஜன்னலோரம் கண்ணாடிப் பாட்டிலில் வைத்திருந்தது கால்வாசிகூடத் தேறாது. அதே ஜன்னலோரம்தான் உறவுக்காரர் கொடுத்த பாட்டிலையும் வைத்திருந்தோம்.

இப்போது

முருங்கை மாலை நாலரைக்கு ஒடிக்கப்படுகிறது. டிபன் டப்பா, ஈரத்துணி, குளிர்பெட்டி. காலையில் மகளும் மாமனாரும் ஜல்லிக்கரண்டியோடு உட்காருகிறார்கள். நாலு நிமிட வதக்கல், தேங்காய்த்துருவலைக் கடைசியில் தூவுகிறேன். சாப்பாட்டோடு ஒரு பச்சை நெல்லிக்காய்த் துண்டு. டீ ஒரு மணிநேரம் தள்ளி. நிழல்வலையைக் கழற்றிவிட்டேன், சித்திரை வெயிலில் மட்டும் நண்பகலுக்கு ஒரு சேலையை விரிக்கிறேன். மூன்று மாதம் முடிந்து மகளுக்கு 11.4 வந்திருக்கிறது. அதைச் செய்தது மாத்திரைதான், கீரைக்கு அந்தப் பெயரைக் கொடுக்கமாட்டேன். இனி அது இறங்காமல் பார்த்துக்கொள்வதே இந்தக் கீரையிடம் நான் எதிர்பார்ப்பது.

துவாதசி அன்று அத்தை அகத்திக்கீரை ஆக்கினார். பக்கத்தில் வழக்கம்போல நெல்லிக்காய்ப் பச்சடி. இரண்டையும் சேர்த்துப் பரிமாறுவதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பழைய உணவுச் சத்து அட்டவணைகளில் அகத்திக்கு சி 169 மில்லிகிராம் என்றும் நெல்லிக்கு 600 என்றும் போட்டிருக்கும். அகத்தியை அத்தை வெகுநேரம் வேகவிடுவார், அதன் கசப்புக்கும் நாருக்கும் வேறு வழியில்லை, அதன் சி பெரும்பாலும் போய்விடும். நெல்லியோ பச்சையாகவே இலைக்கு வருகிறது. "பட்டினி கெடந்த வயித்துக்கு ரெண்டும் சேந்துதான் போகணும்னு எங்க ஆத்தா சொல்லும்" என்றார் அத்தை. அன்றைக்கு இரண்டிலும் பத்து பத்து கிராம் தனியே எடுத்து வைத்தேன். அகத்தி 1.2. நெல்லிக்குச் சிரிஞ்சு இரண்டு தடவை காலியாகி, மூன்றாவது தடவை நிரப்பியபோதும் நிறம் மாறவில்லை. சாற்றை இன்னும் பத்து மடங்கு நீர்த்துத்தான் அளக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கஞ்சியை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.